ஐம்பது கிலோ ஓட்டுநர்

6

"அக்கா, இந்த வண்டிக்கு அடிபடுறதுக்கு முன்னாலேயே கட்டுப் போட்டிருக்காவ."

ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்தின் பின்புறம், கைப்பற்றிய வண்டிகளை நிறுத்தும் இடத்தில் பரிபூரணத்தின் உதவியாளன் சௌந்தரபாண்டியன் தரையில் படுத்துக் கிடந்தான். கிடந்தான் என்பதைவிடப் பரவியிருந்தான் என்பது சரியாக இருக்கும். அவன் தலை அந்தச் சிவப்புக் காரின் இடது பின் சக்கரத்துக்கு அருகில் இருந்தது. சக்கரத்தை மூடும் ஃபைபர் கூட்டின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் துணி ஒட்டப்பட்டிருந்தது.

"ராஜபாளையம் வண்டில பேண்டேஜ் துணி இருக்கிறது ஒரு அதிசயமாலே? ஓட்டை அடைச்சிருப்பாவ. எந்திரி," என்றாள் பரிபூரணம்.

அவள் குனிந்து பார்க்கவில்லை. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைப் பார்த்துப் பார்த்து, எதற்குக் குனிய வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தனக்குத் தெரியும் என்பது அவள் எண்ணம். வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்த பிறகும் அந்த எண்ணம் குறையவில்லை. இன்று குறைந்திருந்தால் ஒரு வீடு கொஞ்சம் தப்பித்திருக்கும்.

கார் வீட்டிலேயே கட்டியது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரை கிடையாது, சாதாரணக் காரின் எடையில் பாதி இருந்தால் அதிகம். ராஜபாளையம் பேண்டேஜ் துணி வியாபாரி நைனா முகமதுவின் மகன் அஃப்சல் தான் கட்டியதாகச் சொல்லி அதன் மேல் சாய்ந்து நின்று எடுத்த படங்களை ஊரே செல்போனில் பார்த்திருக்கிறது. போன ஞாயிறு விடிகாலையில் அதே அஃப்சல் அதே காரில் மம்சாபுரம் சாலையில் வந்து, கண்மாய்க்கரை வளைவில் தடம் மாறி, ஓரமாக மொபெட்டில் போய்க்கொண்டிருந்த முத்துப்பாண்டியை அடித்துத் தூக்கிவிட்டான். கூலி வேலைக்குப் போன மனிதர் அங்கேயே முடிந்துபோனார்.

அஃப்சல் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வண்டி தானா இடது பக்கம் இழுத்துச்சு. இப்பத்தான் வீல் அலைன்மெண்ட் பண்ணி வாங்கினேன்."

போலீஸ் ஒரு நிபுணரைக் கூட்டி வந்தது. அவர் டேப்பைப் பிடித்து அளந்து, காரின் வலது பக்கம் இடதைவிட ஒரு விரல்கடை உயர்ந்து நிற்கிறது, ஸ்பிரிங்கைத் தப்பாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அலைன்மெண்ட் கடைக்காரன் தாமோதரனைத் தூக்கி உள்ளே வைத்தாயிற்று. சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் ஏதாவது செய்யுங்கள் என்று அவன் மனைவி மாதவி, காலையிலேயே பரிபூரணத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் இருந்த தாமோதரன் உதவுகிற ரகமாக இல்லை.

"செட்டிங் சரியாத்தான் இருந்துச்சு. அம்புட்டுத்தான் மேடம் சொல்லுவேன்."

"அப்ப ஏன் வலது பக்கம் தூக்கிட்டு நிக்குது?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"யாரு சொல்லி வச்சீங்க?"

சுவரையே பார்த்தான். பக்கத்தில் நின்ற எஸ்.ஐ. சுந்தரராஜன், பார்த்தீர்களா என்பதுபோலக் கையை விரித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு வழக்கை ஒரே வாரத்தில் முடித்துவிட்டோம் என்ற திருப்தியில் இருப்பவரிடம் நியாயம் பேசுவது கஷ்டம், அவ்வளவுதான்.

திரும்பவும் காருக்கு வந்தார்கள். சௌந்தரபாண்டியன் ஓட்டுநர் இருக்கையில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தவன், கையை வெடுக்கென்று எடுத்து உதறினான்.

"எறும்பு. அடிபட்ட பக்கம் ஈ மொய்க்கும். இங்க சீட்டுல எறும்புக்கு என்னக்கா வேலை?"

பரிபூரணம் இந்த முறை குனிந்தாள். எறும்புகள் ஓட்டுநர் இருக்கையின் தையல் இடுக்கில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்து இருக்கையில் ஒன்றுகூட இல்லை. விரலால் இடுக்கைத் தடவி எடுத்து நாக்கில் வைத்தாள்.

"சீனி."

"காப்பியைக் கொட்டியிருப்பான்."

"காப்பி கொட்டினா கறை நிக்கும். இது வெறும் சீனி. கார்ல உக்காந்து சீனி திங்கிறவன் யாருலே? தாமோதரன் கடைக்குப் பக்கத்துக் கடை என்ன கடைன்னு மாதவிகிட்ட கேளு."

கேட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கேள்விக்குப் பாதி நேரம் ஒரே பதில்தான் வரும். பால்கோவா.

*

மடவார் வளாகத்தில் கோயிலைத் தாண்டி தாமோதரன் கடை பூட்டிக் கிடந்தது. ஒட்டினாற்போல இருந்த கொட்டகையில் பொன்மணி என்ற அம்மாள் பெரிய சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்காகக் கரண்டியை நிறுத்தவில்லை.

"உங்க சீனி மூட்டை எதுவும் காணாமப் போச்சாம்மா?" என்றாள் பரிபூரணம்.

"காணாமப் போகல. ஊர் சுத்திட்டு வந்துச்சு."

"எங்க?"

"எங்கிட்டயா கேட்டான் அந்த தாமோதரன்? பின்னால வழியா வந்து ஒரு மூட்டைய தூக்கிட்டுப் போயி, அந்தக் குட்டைக் கார்ல உக்கார வச்சு, பெல்ட்டும் மாட்டி விட்டுட்டான். மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருந்துச்சு. சுத்தி நூலைக் கட்டி, சக்கரத்தைத் திருகி, ஒரு பகல் பூராம் அந்த வேலைதான். திருப்பித் தரும்போது அடியில ஓட்டை. ஒரு படி சீனி போச்சு."

"மூட்டைக்கு லைசென்ஸ் இருந்துச்சா ஆச்சி?" என்றான் சௌந்தரபாண்டியன்.

"உன்னைய உக்கார வச்சிருந்தா கார் தரையோட போயிருக்கும்," என்றாள் பொன்மணி.

பரிபூரணம் வெளியே வந்து பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு வெளிச்சம்.

"வெயிட் கம்மியான வண்டிலே அது. அதுல ஆளு உக்காந்தா, வண்டியோட எடையே மாறிப்போகும். ஓட்டுறவன் உக்காருறது வலது பக்கம். அதனால அவன் எடைக்கு எடை சீட்டுல எதையாவது வச்சிட்டு, அப்புறம்தான் ஸ்பிரிங்கை வச்சு நாலு சக்கரத்தையும் சமமாக்குவாவ. எடையை இறக்கிட்டா வலது பக்கம் தூக்கத்தான் செய்யும்."

"நிபுணர் வெறும் வண்டிய அளந்துட்டுப் போயிட்டாரா?"

"அதேதான்."

"அப்ப தாமோதரன் மேல தப்பு இல்லை. சோலி முடிஞ்சுது. கால் கிலோ பால்கோவா வாங்கிட்டுக் கிளம்புவோம்."

"இருலே. மூட்டை எம்புட்டு எடை?"

"சீனி மூட்டை அம்பது கிலோ."

"அஃப்சல்?"

சௌந்தரபாண்டியன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். அஃப்சலைப் படத்தில் பார்த்தபோதே அவனுக்கு ஒரு சொந்தபந்த உணர்வு வந்திருந்தது. "நம்ம செட்டு. தொண்ணூத்தஞ்சுக்குக் குறையாது."

"அப்ப அம்பது கிலோ ஆளு யாரு?"

படியோரம் ஒதுங்கி நின்ற மாதவி முந்தானையை விரலில் சுற்றினாள். சொல்லாமல் இருந்தால் புருஷன் ஜெயிலுக்குப் போவான்.

"போன்ல பேசுறது அந்த அண்ணன்காரர்தான். ஆனா வண்டியோட வந்து நிக்கிறது தங்கச்சி. அந்தப் புள்ளை ஃபாயிஸா. ஒட்டடைக் கம்பு மாதிரி நெடுநெடுன்னு இருக்கும். யார்கிட்டயும் சொல்லிராதீகன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போச்சு."

*

நைனா முகமதுவின் வீட்டு முன்கூடத்தில் பேண்டேஜ் துணி அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அஃப்சல் சோபாவில் கழுத்துப் பட்டையோடு சாய்ந்திருந்தான். அவன் அம்மா ஷமீமா அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள் கதவோரம் ஒரு பெண் நின்றாள். நல்ல உயரம், அண்ணனுக்குச் சமமாக இருப்பாள். உடம்பு மட்டும் அவனில் பாதி. விரல் நகங்களில் கழுவினாலும் போகாத கறுப்பு. கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவள். அடுத்த மாதம் நிக்காஹ்.

பரிபூரணம் மெதுவாகப் பேசியிருக்கலாம். தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். கண்டுபிடித்த சந்தோஷம் அவளை விடவில்லை. எறும்பு, சீனி, மூட்டை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கூடத்தில் எல்லார் முன்னாலும் முடித்தாள்.

"அந்த வண்டி உங்க எடைக்குப் பண்ணினது இல்லை தம்பி. உங்க தங்கச்சி எடைக்குப் பண்ணினது. கட்டினதும் ஓட்டுறதும் அவங்கதான்."

நைனா முகமது மகளைப் பார்த்தார். "நீ கார் ஓட்டுவியா?"

பதில் சோபாவிலிருந்து வந்தது.

"ஆமா அத்தா," என்றான் அஃப்சல். அவன் கண்ணில் அழகாக நீர்கூடக் கோத்துக்கொண்டது. "அன்னைக்கும் அவதான் ஓட்டினா. நான் பக்கத்துல இருந்தேன். தங்கச்சியாச்சேன்னு பழியை என் தலையில போட்டுக்கிட்டேன்."

பரிபூரணம் அதை எதிர்பார்க்கவில்லை. அவள் வைத்த கணக்குக்கு அந்த விடை பொருந்தித்தான் போனது. பொருந்திப்போனதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஷமீமா எழுந்து போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"ஒத்துக்கிரு. பொம்பளப் புள்ளைன்னா சீக்கிரம் வெளிய விட்டுருவாவ. இவன் உள்ள போயிட்டா கடை என்னாகும், அத்தா என்னாவாரு?"

"நிக்காஹ்?" என்றாள் ஃபாயிஸா.

"அதைப் பொறவு பாத்துக்கிடலாம்."

ஃபாயிஸா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு பரிபூரணத்தின் பக்கம் திரும்பி, "நான்தான் ஓட்டினேன்," என்றாள்.

உரித்த ஆரஞ்சு சோபாவிலேயே இருந்தது. அஃப்சல் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

*

அண்ணனும் பெற்றவர்களும் ஒரு காரில் முன்னே போனார்கள். ஃபாயிஸாவை யாரும் ஏறச் சொல்லவில்லை. அவள் பரிபூரணத்தின் காரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஓட்டிக்கொண்டிருந்த சௌந்தரபாண்டியன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கேன். அந்த வண்டிக்கு எதுக்கு பேண்டேஜ் போட்டிருக்கு? டயருக்குத் தலைவலியா?"

"சக்கரம் மேல தொடுதான்னு பார்க்க," என்றாள் ஃபாயிஸா. அந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே வேறாக இருந்தது. "வளைவுல ஸ்பிரிங் அமுங்கும்போது டயர் கூட்டுல தட்டினா பின்பக்கம் வழுக்கிரும். தட்டுச்சுன்னா துணி கறுக்கும், கிழியும். வீட்டுல துணிக்கா பஞ்சம்? அதான் ஒட்டினேன். அந்தக் கண்மாய்க்கரை வளைவுல எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கேன். ஒரு தடவைகூடக் கறுக்கல."

சொல்லி முடித்ததும் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரிபூரணம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். காலையில் சௌந்தரபாண்டியன் படுத்துப் பார்த்தது இடது பக்கம். வலது பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்க விடாமல் எழுப்பிவிட்டது அவள்தான். அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"வேகமாப் போலே," என்றாள்.

*

எஸ்.ஐ. சுந்தரராஜன் புதிய கதையை அஃப்சலிடம் கேட்டு முடித்துவிட்டார். ஓட்டியவள் யாராக இருந்தாலும் அலைன்மெண்ட் தப்பு தப்புதான், ஆகவே தாமோதரனும் உள்ளே, இந்தப் பெண்ணும் உள்ளே என்று அவர் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டி வைத்திருந்தார்.

"கொஞ்சம் பின்பக்கம் வாங்க சார்," என்றாள் பரிபூரணம். "எல்லாரும் வாங்க."

வாசல் வேப்பமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும் எழுந்து பின்னாலேயே வந்தாள். முத்துப்பாண்டியின் மனைவி வெள்ளைத்தாய். அவளை யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் துணிவில்லை.

வெறும் கார் வலது பக்கம் தூக்கியபடி நின்றது. பரிபூரணம் ஃபாயிஸாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். வலது பக்கம் மெல்ல இறங்கி இடது பக்கத்துக்குச் சமமாக நின்றது. எஸ்.ஐ. குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"தாமோதரன் வச்ச செட்டிங் இது. தப்பு எங்க இருக்கு சார்?" என்றாள் பரிபூரணம். "சௌந்தரம், வலது பின் சக்கரத்துக்கு மேல விரலை விட்டுப் பாரு."

"தாராளமா ரெண்டு விரல் போகுது."

"இப்ப அஃப்சல் தம்பி உக்காரட்டும்."

அஃப்சல் கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டினான். "எனக்கு வலி."

"பரவாயில்லை, உங்க எடைக்கு என்கிட்ட ஒரு ஆள் இருக்கு."

ஃபாயிஸா இறங்க, சௌந்தரபாண்டியன் ஏறினான். கார் முனகியது. சமமாக இருந்த வலது பக்கம் இப்போது இடதைவிடத் தாழ்ந்துபோனது. எஸ்.ஐ. தானே விரலை விட்டுப் பார்த்தார். அரை விரல்தான் போனது. விரலை எடுக்கும்போது நகத்தில் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். வலது பக்கத்துப் பேண்டேஜ் துணி கருகி, நீளவாக்கில் கிழிந்து தொங்கியது.

"மோதினப்ப ஆயிருக்கலாம்," என்றார்.

"மோதினது இடது முன்பக்கம். கிழிஞ்சது வலது பின்பக்கம். ஓடுற டயர் தேச்ச தடம் அது, மோதி நின்ன வண்டில வராது. அது இடது கைப்பக்க வளைவு சார். அதுல பாரம் பூராம் வலது பக்கம் சாயும். அம்பது கிலோ ஆளு ஓட்டினா தட்டாது. தம்பி சொன்ன மாதிரி அவர் பக்கத்துல இருந்திருந்தா இடது பக்கம்தான் தாழ்ந்திருக்கும். தொண்ணூத்தஞ்சு கிலோ ஆளு அதே வேகத்துல போனா தட்டும். பின்பக்கம் வழுக்கும், மூக்கு இடது பக்கம் திரும்பும். வண்டி தானா இழுத்துச்சுன்னு தம்பி சொன்னது பொய் இல்லை. அவர் எடைதான் இழுத்துச்சு."

அஃப்சல் அப்பாவைப் பார்த்தான். நைனா முகமது மகளைப் பார்த்தார்.

"நீதானம்மா ஓட்டின? சாருகிட்ட சொல்லு," என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். வாழ்நாளில் மகளிடம் முதல்முறையாகக் கெஞ்சியிருப்பார்.

ஃபாயிஸா வாயைத் திறந்தாள். அதற்குள் வெள்ளைத்தாய் அவள் எதிரே வந்து நின்றுவிட்டாள். அவளுக்கு ஸ்பிரிங்கும் தெரியாது, சீனியும் தெரியாது. அந்தப் பெண்ணின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, நீதானா?" என்றாள்.

போலீஸுக்குச் சொல்லத் தயாராக இருந்த பொய் அந்த முகத்துக்கு எதிரில் வரவில்லை.

"இல்லம்மா," என்றாள் ஃபாயிஸா. "வண்டி நான் கட்டினது. சாவி ஆணியில மாட்டியிருந்துச்சு. அண்ணன் எடுத்துட்டுப் போச்சு. என் எடைக்கு வச்சிருக்கேன், நீ எடுக்காதன்னு சொல்லியிருந்தேன்."

"இவ பெரிய எஞ்சினீயரு," என்று அஃப்சல் சீறினான். "எடை கிடைன்னு எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பா. அதையெல்லாம் கேட்டுக்கிட்டா ஒரு மனுசன் வண்டி எடுக்க முடியும்? ஒரு ரவுண்டு போயிட்டு ஒரு வீடியோ எடுப்போம்னு..."

அவன் நிறுத்திக்கொண்டான். எஸ்.ஐ. அவன் தோளில் கையை வைத்தார்.

*

வெயில் சாயும் நேரத்துக்குத் தாமோதரன் வெளியே வந்தான். மாதவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"இதை நீங்களே காலையில சொல்லியிருந்தா என்ன?" என்றாள் பரிபூரணம்.

"தொண்ணூத்தஞ்சு கிலோ ஆளு ஓட்டின வண்டிய அம்பது கிலோவுக்கு வச்சேன்னு நானே சொன்னா, என் கதை அங்கேயே முடிஞ்சிருக்குமே மேடம்," என்றான் தாமோதரன். "அந்தப் புள்ளைக்கும் வாக்குக் குடுத்திருந்தேன்." எதற்காக அதிகம் பயந்தான் என்று அவனுக்கே தெரியாது போலிருந்தது. ஃபாயிஸா நின்ற பக்கம் திரும்பாமல் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனான்.

வெள்ளைத்தாய் முன்னமே மம்சாபுரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

ஷமீமா மகளிடம் வந்தாள். "அண்ணனைக் காட்டிக் குடுத்துட்டியே. எந்த மூஞ்சியோட வீட்டுக்குள்ள வருவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்க் காரில் ஏறினாள். நைனா முகமது வண்டியை எடுத்தார். கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை. ராஜபாளையம் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

ஃபாயிஸா சிவப்புக் காரின் இடது பக்கம் குந்தி உட்கார்ந்து, கூட்டுக்குள் கைவிட்டு, அந்தப் பக்கத்துப் பேண்டேஜ் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணும் படல. செட்டிங் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பரிபூரணத்துக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. காலையில் ஒரு தடவை குனிந்திருந்தால் அந்தக் கூடத்தில் அந்த நாடகமே நடந்திருக்காது, ஒரு தாய் தன் மகளை விலை பேசியதை அந்த மகள் காதால் கேட்டிருக்க வேண்டாம். கேட்க வாய் வரவில்லை. வழக்கில் ஜெயித்தாயிற்று என்ற நினைப்பே கசந்தது.

"எங்கம்மா கொண்டுபோய் விடணும்?" என்றான் சௌந்தரபாண்டியன்.

"மம்சாபுரம்."

அவன் பரிபூரணத்தைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "அங்க போனா அடிப்பாவ தாயி," என்றான்.

"எங்க வீட்டுலயும்தான் அடிப்பாங்க," என்றாள் ஃபாயிஸா. "அங்க அடிச்சா அதுல ஒரு நியாயம் இருக்கு."

சௌந்தரபாண்டியன் காரை நோக்கி நடந்தான். போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டான்.